ஓவியக்கூடத்துக்கு ஒரு சுமைதாங்கி: வேலூரில் பழைய கட்டடமும் புதுச் சேர்க்கையும்

பழைய பங்களா ஒன்றை ஓவியக்கூடமாக்கிப் பின்னால் நவீனமாக ஒரு கட்டடம் சேர்க்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் காட்டுவது கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைத்தான். செங்கல் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி. மேகம் மூடிய வானம். நடந்து போகிறவர்கள் கோட்டு போட்டிருப்பார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் அந்தக் கோட்டை யார் போடுவார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மழைத்தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு என்று இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே உடம்பு: கருங்கல் அடித்தளம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய 45 முதல் 60 செ.மீ. செங்கல் சுவர், தேக்குக் கட்டைகளின் மேல் மெட்ராஸ் தளம் (செங்கலைச் சுண்ணாம்பில் ஒட்டிய பழைய காலத்துத் தளம்), வெளியே தாழ்வாரம். இந்த உடம்பால் தாங்க முடியாதவை நிறைய உண்டு. ஏசி, கழிப்பறை, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, ஓவியக் கிடங்கு, திறப்புவிழாக் கூட்டம் எல்லாம் அந்த வரிசை. புதுக் கட்டடம் எதற்கு என்றால், இவற்றை வாங்கிக்கொள்வதற்கு. வழிப்போக்கரின் தலைப்பாரத்தை இறக்கி வைக்கச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கல் போலத்தான் அது பழைய கட்டடத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். அழகெல்லாம் அதற்கப்புறம்.

இடம் பார்ப்பதற்கு முன் சட்டம். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழைய நினைவுச்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் எதைச் செய்தாலும் முன்அனுமதி வேண்டும். அளக்கத் தொடங்குவது மதிலிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லைக் கோட்டிலிருந்து. அகழி சூழ்ந்த கோட்டையில் இந்த வித்தியாசம் ஒரு முழு மனையையே விழுங்கிவிடும். எல்லை எங்கே முடிகிறது என்பதை சர்வே எண்ணோடு எழுத்தில் வாங்கிய பிறகே வரைபடத்தைத் தொடுங்கள். 100 மீட்டருக்குள் உள்ள கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்தது என்று காட்ட முடிந்தால் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். அதன் பின்னால் புதிதாக ஒரு கூடம் எழுப்ப முடியாது. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருப்பதால் அதன் அருகிலேயே இடம் தேட ஆசை வரும். பாலாற்றுக்கு அக்கரையில் தேடுவது பல வருஷத்தை மிச்சப்படுத்தும்.

முன்மாதிரி பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. காட்பாடியில் ரயிலேறினால் பெங்களூரு. அங்கே மாணிக்கவேலு மாளிகையில் 2009-இல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடத்தில், மாளிகையை முன்னால் விட்டுப் புதுக் கூடத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். எதிர்த்திசையில் எழும்பூர். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்த கட்டடம் பின்னாளில் தேசியக் கலைக்கூடமானது. 2002-இல் உறுதி போதவில்லை என்று அதை மூடினார்கள். நல்ல கல்லும் நல்ல வடிவமைப்பும் பராமரிப்புக்கு ஈடாகாது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம்.

வேலையின் வரிசை இது: மேலிருந்து கீழே தண்ணீரை நிறுத்து, பிறகு சுவரை உலர விடு, பிறகு பூசு, கடைசியாகப் புதிதைக் கட்டு. பணம் கொடுக்கிறவர்களுக்கு இந்த வரிசை பிடிக்காது. புதுக் கட்டடம்தானே கல்வெட்டு வைக்க ஏற்றது.

முதல் வருஷம் முழுக்கக் கவனிப்பதற்கே. ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் விரிசல் அளவி ஒட்டி, மாதம் ஒருமுறை குறித்து, ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் கடக்க விட வேண்டும். கோடைக்கும் மழைக்கும் விரிந்து மூடும் விரிசல் பருவ மாற்றத்தால் வருவது. அதை நிரப்பினால் பக்கத்தில் இன்னொன்று வரும். ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போவது அடித்தளத்தின் சேதி. அது நின்ற பிறகுதான் மற்ற வேலை. மரக் கட்டைகளை நடுவில் தட்டிப் பார்த்து "கெட்டியா இருக்கு சார்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். அழுகலும் கரையானும் தொடங்குவது சுவருக்குள் போகும் முனையில். அந்த இடத்தில் காரையைக் கொஞ்சம் கொத்தி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடை உள்ளே போனால் அந்த முனை போய்விட்டது.

மெட்ராஸ் தளத்துக்கு வருவோம், வேலையின் உயிர் அங்கேதான். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய அச்சுக்கல் செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, சுவருக்குக் கோணவாட்டில் 45 டிகிரியில், கீழே தாங்கும் சென்ட்ரிங் பலகை இல்லாமல் சுண்ணாம்புக் காரையின் பிடிமானத்திலேயே மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டு போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன் மேல் தட்டை ஓடு. ஒழுகத் தொடங்கியதும் பின்னால் வந்தவர்கள் இதன் தலையில் 5 செ.மீ. சிமென்ட் காங்கிரீட் போட்டிருப்பார்கள். அது மட்டுமே சதுர மீட்டருக்கு 120 கிலோ. 40 சதுர மீட்டர் அறைக்கு ஏறக்குறைய 5 டன். வெயிலில் அது வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாக முடியாமல் கீழே கட்டை முனைக்குப் போகும். ஒழுகல் நின்றது என்று நினைத்த வருஷங்களில்தான் கட்டை அழுகியிருக்கும்.

அதை எடுக்கும்போது பிரேக்கர் மெஷின் கூடாது. கீழே ஒவ்வொரு கட்டைக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு, உளியும் சுத்தியலுமாக, அறையின் இரண்டு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரே பக்கம் பாரம் குறைந்தால் கோணவாட்டுச் செங்கல் பிடிப்பை விடும். அழுகிய முனையை நல்ல மரம் வரை வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுக் கட்டை வைத்து, இரு பக்கமும் 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடும் 12 மி.மீ. போல்ட்டும் போடலாம். முனை உட்காருவதற்குக் கருங்கல் பாளம். முனையைச் சுற்றி விரற்கடை அளவுக்குக் காற்று இடைவெளி விடுங்கள். கொத்தனார் பழக்கத்தில் அதைக் காரையால் அடைத்துவிடுவார். மறுநாள் போய்ப் பார்ப்பது மேற்பார்வையாளரின் வேலை.

புது ஜல்லித் தளத்துக்குத் தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறை நெடுங்காலமாகப் பின்பற்றும் விகிதமே போதும்: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு, மணல் இல்லை, முடிந்த கனம் 75 மி.மீ. சரிவு 60-க்கு 1-க்குக் குறையக் கூடாது. போட்ட பிறகு ஒரு வாரமாவது மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளித் திரும்பினால் போதும் என்று அர்த்தம். அடிக்கும்போது தெளிப்பது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கடுக்காய் சவ்வாது மலையிலிருந்தே வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடுவோருக்கும் அது பழைய சரக்கு. ஒரே துவர்ப்பு அங்கே தோலுக்கும் இங்கே காரைக்கும் பயன்பட்டிருக்கிறது. தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள். வெல்லம் கூடிப்போனால் தளம் இறுகத் தாமதமாகும், எறும்பும் பூஞ்சையும் வரும்.

காலம் முக்கியம். தை பிறந்ததும் தளத்தைத் திறந்தால் சித்திரைக்குள் மூடிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் வேலை இழுத்துப் போனால், வேலூருக்கு ஐப்பசி மழை மட்டுமல்ல, ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழையும் உண்டு. ஆகவே சாரத்தின் மேல் தகரக் கூரை ஒன்று போட்ட பிறகே பழைய தளத்தில் கை வைக்க வேண்டும். கோடையில் வேறு ஆபத்து: சுண்ணாம்பு இறுகும் முன் காய்ந்து பொடியாகிவிடும். ஈரச் சாக்கு விரிக்க ஆள் இல்லாத நாளில் தளம் போடாதீர்கள்.

சுவர். இந்த வட்டாரத்தில் சுவரின் பெரும்பகை உப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் கழிவுநீரால் நிலத்தடி நீர் உப்பேறிப்போனது ஊரறிந்த சங்கதி. அந்தத் தண்ணீரில் காரை குழைத்தால் உப்பை நாமே சுவருக்குள் ஏற்றுகிறோம். போர்வெல் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.-க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரநிலை; சுண்ணாம்பு வேலைக்கும் அதையே வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. எம்-சாண்ட் என்றால் கழுவியதுதான். கல் தூள் அதிகமானால் காரை சுருங்கி மயிர்க்கோடாக வெடிக்கும்.

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அங்கே சிமென்ட் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்பைக் கக்கும். அதை எடுத்துவிட்டு, வெளியே சுவரோரம் போட்ட சிமென்ட் தரையையும் உடைத்து, 30 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லிப் பள்ளம் வெட்டிச் சரிவாக வெளியேற்றினால் பாதி நோய் தீரும். மீதிக்குப் பற்றுப் போட வேண்டும். காகிதக் கூழை உப்பில்லாத தண்ணீரில் குழைத்து 2 செ.மீ. கனத்தில் சுவரில் அப்பி, தானாகக் காய்ந்து பிரியும் வரை விட்டு, உரித்தெடுத்து, மறுபடி அப்புவது. ஒவ்வொரு முறையும் உரித்த கூழைக் கரைத்து மின்கடத்துத்திறன் பார்த்தால் உப்பு இறங்குகிறதா என்று தெரியும். இந்தப் பொறுமை பில்லில் தெரியாது என்பதால் ஒப்பந்தக்காரர்கள் இதைத் தாண்டிப் போவார்கள்.

பூச்சுக்குச் சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கு அடியில் குறைந்தது மூன்று வாரம் வைக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று சுவருக்குள் போனால் ஆறு மாதம் கழித்துக்கூட நீறி, பூச்சைக் காசு அளவுக்குப் பிதுக்கித் தள்ளும். முதல் பூச்சு சுண்ணாம்பு 1, மணல் 3, கனம் 12 முதல் 15 மி.மீ. உப்புள்ள சுவரில் இந்த முதல் பூச்சு மிச்ச உப்பைக் குடித்துக் கெட்டுப்போவதற்கே போடப்படுகிறது. சில வருஷத்தில் உதிர்ந்தால் வேலை கெட்டது என்று அர்த்தமில்லை. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசும் செலவை மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். செங்கல் தூள் சேர்ப்பதானால் மிதமாக வெந்த செங்கலின் தூள். முறுக வெந்த கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராது, வெறும் மணலாகத்தான் கிடக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால் இவ்வளவும் வீண்.

ஓவியத்தை அந்தச் சுவரில் ஆணியடித்து மாட்டவும் கூடாது. சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, மேலும் கீழும் காற்று போகும்படி திறந்த பலகைத் திரை ஒன்றைத் தரையில் ஊன்றி நிறுத்துங்கள். ஓவியத்துக்குப் பின்னால் ஈரம் சேராது, மின்கம்பியும் அதற்குள்ளேயே ஓடிவிடும், சுவரைக் கீற வேண்டாம்.

பழைய அறைக்கு ஏசி போடலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். கார்த்திகையில் வெளியே 28 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வியர்க்கும். நீங்கள் அறையை 22-க்கு இறக்கினால், பழைய ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்று நேராகச் சுவரிலும் கட்டையிலும் தண்ணீராகப் படியும். அதைவிடக் கேடு அலுவலக நேரத்து ஏசி: காலை பத்துக்குப் போட்டு மாலை ஐந்துக்கு அணைப்பது. தினமும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை விரியும் மரச்சட்டமும் துணியும் வண்ணத்தை உதிர்க்கும். அப்படி ஏசி போடுவதைவிட, கனத்த சுவரையும் மின்விசிறியையும் நம்பி ஏசியே இல்லாமல் இருப்பது ஓவியத்துக்கு நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆகவே பங்கீடு தானாக அமைகிறது. கற்சிலை, நடுகல், கரிகிரி மண்பாண்டம் போன்றவை பழைய அறைகளுக்கு. காகிதம், துணி, எண்ணெய் ஓவியம், தோல்பாவை, கூத்துக் கட்டைகள் எல்லாம் புதுக் கட்டடத்துக்கு. அங்கே ஈரப்பதம் 40-க்கும் 60-க்கும் இடையில் இரவும் பகலும் நிற்க வேண்டும். வெண்கலம் உலோகம்தானே என்று பழைய அறையில் திறந்து வைக்காதீர்கள். மண்ணில் கிடந்து குளோரைடு ஏறிய வெண்கலம் ஈரக் காற்றில் பச்சைப் பொடியாக உதிரும்; ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து மூடிய பெட்டிதான் அதற்கு இடம்.

இனிப் புதிது. 1964-இன் வெனிஸ் சாசனம், சேர்க்கை தன் காலத்தை மறைக்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் இதன் பொருள், ஃபைபரில் வார்த்த போலி வளைவுகளை ஒட்டாதீர்கள் என்பது. உயரம் பழைய கைப்பிடிச் சுவருக்குக் கீழே அடங்கட்டும். தரைப் பாரத்தைச் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்குக் கணக்கிடுங்கள்.

அடித்தளம் தோண்டும்போது பழைய அடித்தளத்தின் அடி ஓரத்திலிருந்து 45 டிகிரியில் கீழே சாயும் ஒரு கோட்டைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள மண்ணை எடுக்கக் கூடாது. புதுத் தூண்களைத் தள்ளி நிறுத்தி, தளத்தை மட்டும் பழைய சுவர்வரை நீட்டிக்கொண்டு வரலாம். வேலூரில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே சீக்கிரமே பாறை தட்டும். வெடி கூடாது, துளையிட்டு விரிவடையும் ரசாயனக் கலவை ஊற்றிப் பிளக்கலாம். பழைய சுவரில் அதிர்வு அளவி வைத்து, வினாடிக்கு 3 மி.மீ. தாண்டினால் மெஷினை நிறுத்துங்கள்.

இரண்டும் சேரும் இடம்தான் ஒழுகும் இடம். 50 மி.மீ. இடைவெளி விட்டு, இரண்டும் தனித்தனியாக அசையும்படி வைக்க வேண்டும். மேலே மூடும் செம்புத் தகடு பழைய சுவரில் நுழைவது செங்கலை வெட்டி அல்ல, காரை இடுக்கைச் சுரண்டி, 25 மி.மீ. ஆழத்துக்கு. சிலிக்கான் பசையை மட்டும் நம்பினால் சில கோடைகளில் உரிந்துவிடும். அந்த இடத்துக் கால்வாயின் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 200 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் வினாடிக்கு ஐந்தரை லிட்டர் தண்ணீர். 100 மி.மீ. குழாய் ஐந்து வையுங்கள்; வேப்பிலை அடைக்கும் என்பதால் நிரம்பிய தண்ணீர் வழிய மேலே ஒரு வழிவாயும் வேண்டும், அது வெளிப்பக்கம், கண்ணில் படும்படி கொட்ட வேண்டும். உள்ளே கொட்டும் வழிவாய் ஓவியத்தின் மேல் கொட்டும்.

வெளிச்ச விஷயத்தில் மேல்நாட்டுப் படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஓவியக்கூடம் என்றால் வடக்கு நோக்கிய கூரைச் சாளரம் என்பது அங்கே சரி. வடக்கில் அவர்களுக்கு உச்சி வெயில் வராது. வேலூர் 13 டிகிரி அட்சத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று உச்சிக்கு 10 டிகிரிக்கும் கொஞ்சம் கூடுதலாக வடக்கே. காலை, மாலை வெயிலோ மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை வடகிழக்கிலும் வடமேற்கிலும்தான். அதாவது, மிகக் கடுமையான வெயில் காலத்தில்தான் அந்த வடக்குச் சாளரம் நேர் வெயிலை உள்ளே விடும். சாளரத்துக்கு மேலே நீட்டமும் பக்கத்தில் நிறுத்துப் பலகைகளும் வேண்டும். கண்ணாடி இணைப்புப் பாதைக்கும் கூரை கெட்டியாக இருக்கட்டும், பக்கங்கள் மட்டும் கண்ணாடி.

வெளிச்சத்தை அளப்பது லக்ஸ் கணக்கில். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமான வரம்பு. வெளியே வேலூர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அங்கிருந்து நேரே நுழைகிறவருக்கு 50 லக்ஸ் அறை இருட்டுக் குகையாகத் தெரியும். உடனே யாராவது விளக்கைக் கூட்டச் சொல்லிக் கடிதம் எழுதுவார். இதற்குப் பழைய கட்டடமே மருந்து வைத்திருக்கிறது. தாழ்வாரம், முன்கூடம், கற்சிலை அறை என்று நடக்க விட்டுப் பிறகு காகித அறைக்குக் கொண்டுபோனால் கண் தானாகப் பழகிவிடும். வழிநடையை இந்த வரிசையில் அமையுங்கள். பழைய அடித்தளம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரம் என்றால், 12-க்கு 1 சரிவில் 9 மீட்டர் சாய்தளம் வேண்டும். இணைப்புப் பாதையே அதற்கு இடம்.

கட்டி முடித்த உடனே ஓவியத்தை உள்ளே கொண்டுவராதீர்கள். புதுக் காங்கிரீட் ஈரத்தோடு காரத்தன்மையுள்ள நுண்துகளையும் கக்கும். எண்ணெய் வண்ணத்துக்கு அது ஆகாது. ஒரு முழுக் கோடை காற்றாட விடுங்கள்.

டெண்டர் பற்றி ஒரு சொல். மொத்தத் தொகைக்குக் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்கும் முறை இந்த வேலைக்குப் பொருந்தாது. தகுதிச் சுற்றில் ஒவ்வொருவரையும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி போடச் சொல்லி, 28 நாள் கழித்துப் பார்த்து, பிறகு விலை உறையைத் திறக்கலாம். தளத்தைத் திறந்தால்தான் எத்தனை கட்டை போயிருக்கிறது என்று தெரியும். அதனால் கட்டை ஒவ்வொன்றுக்கும் தனி விலை வாங்கி வையுங்கள்.

பிறகு பராமரிப்பு. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலையிலேயே விரலால் பிடுங்கிவிடலாம். கை கனத்துக்கு வளர்ந்துவிட்டால் வெட்டினால் போதாது. சுவரைப் பிரித்து வேரை எடுத்து மறுபடி கட்ட வேண்டும். ஆடி பிறக்கும் முன் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை, பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை கால்வாய் சுத்தம். இதைச் செய்கிறவருக்கு மொட்டைமாடிக் கதவின் சாவி கையில் இருக்க வேண்டும். பல அரசுக் கட்டடங்களில் அந்தச் சாவி ஒரு அதிகாரியின் மேசை இழுப்பறையில் கிடக்கும், அவர் விடுப்பில் இருப்பார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, தேதி, அள்ளிய இலை, ஒழுகிய இடம் மூன்றையும் எழுத ஒரு நோட்டையும் கொடுத்துவிடுங்கள்.